கடலுக்கு மேலே போன விமானம்

சுனாமிக்கு அடுத்த வருடம், மரக்காணத்தில் கடலை ஒட்டிய உப்பள மேட்டில் ரிமோட் விமானம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தேன். கிளப்பவும் தலைக்கு மேலே வட்டமடிக்கவும் மட்டும்தான் தெரியும். விமானம் நம்மை நோக்கித் திரும்பினால் இடது வலது மாறிவிடும்; அங்கேதான் தடுமாறுவேன்.

ஒரு மாலை, உப்பு வாரும் அக்கா ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"மேலேர்ந்து பாத்தா கடலுக்குள்ள இருக்கிறது தெரியுமா தம்பி?"

அலையில் போன அவருடைய கணவர் கிடைக்கவே இல்லையாம்.

"இதுல கேமரா இல்லக்கா."

"பரவால்ல. ஒருவாட்டி போய்ட்டு வரட்டுமே."

மறுக்க முடியவில்லை. கடலுக்கு மேலே அனுப்பினேன். புள்ளியாகச் சிறுத்ததும், அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்றே புரியவில்லை. திருப்பத் திருப்ப விலகிப் போனது. கொஞ்ச நேரத்தில் இன்ஜின் சத்தமும் நின்றுவிட்டது.

"போச்சுக்கா" என்றேன்.

அவர் கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க போங்க தம்பி. வந்துச்சுன்னா நான் எடுத்து வெக்கிறேன்."

பிறகு வேறு விமானம் வாங்கி, நன்றாகவே ஓட்டப் பழகிவிட்டேன். ஆனால் கடலோரம் நின்றால் மட்டும் என் கண் வானத்துக்குப் போவதில்லை. தண்ணீரையே துழாவிக்கொண்டிருக்கிறது.