மேகத்துக்குப் பின்னால் என் கை

சர்க்கஸில் இருந்தேன் என்று என் வீட்டுக்காரரிடம் இன்றுவரை சொன்னதில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் மாமா, "ஹாஸ்டல்ல தங்கிப் படிச்ச பொண்ணு" என்று ஒரே போடாகப் போட்டார். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினேன். இந்த ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்து முப்பத்தாறு வருஷம் ஆகிறது. அந்தப் பொய்க்குள்ளேயேதான் குடித்தனம் நடத்துகிறேன்.

என் சர்க்கஸ் சிநேகிதி அப்படி இல்லை. ஒரே கூடாரத்தில் நாங்கள் சேர்ந்து ஊஞ்சல் பார் ஆடியவர்கள். நான் பாரில் முழங்காலை மடக்கித் தலைகீழாகத் தொங்குவேன். அவள் எதிர்ப் பாரிலிருந்து கையை விட்டுப் பறந்து வருவாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும், அவள் என் மணிக்கட்டை. கீழே வலை உண்டு. "வலையை நம்பியா விடறேன்? உன்னை நம்பித்தாண்டி விடறேன்" என்பாள்.

கல்யாணமாகி எடமலைப்பட்டி புதூருக்கு வந்தவள், தெரு முழுக்க "நான் சர்க்கஸ்காரிங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். என்னை மட்டும் காட்டிக் கொடுக்கவே இல்லை. என் வீட்டைப் பொறுத்தவரை அவள் தையல் கிளாஸ் சிநேகிதி. காந்தி மார்க்கெட்டில் சந்திப்போம். வெங்காயம் பொறுக்குகிற சாக்கில் என் மணிக்கட்டை ஒரு அழுத்து அழுத்துவாள்.

போன மாதம் நெஞ்சுவலியில் போய்விட்டாள், பாவி. பதினாறாம் நாள் காரியத்துக்கு ஃப்ளெக்ஸ் அடிக்க அவள் மகள் ஒரு பழைய சர்க்கஸ் போட்டோவைக் கொண்டுவந்து காட்டினாள்.

"பெரியம்மா, இதைத்தான் போடணும்னு அம்மா சொல்லியிருந்தாங்க. ஆனா உங்க முகமும் தெரியுதே. என்ன பண்ணட்டும்?"

எனக்கு எரிச்சல் வந்தது, என் மேலேயே. மாமியாரும் போய்ச் சேர்ந்தாயிற்று, பிள்ளைகளுக்கும் கல்யாணம் முடிந்தது. இனி யார் என்னைத் தலைமுழுகப் போகிறார்கள்? இவ்வளவும் மனசுக்குள் பேசிவிட்டு, "என்னை வெட்டிடும்மா" என்றேன்.

வெட்ட முடியவில்லை. மணிக்கட்டோடு மணிக்கட்டு பின்னியிருந்ததால், என்னை எடுத்தால் அவள் கையும் போய்விடும். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் என் மேல் ஒரு வெள்ளை மேகத்தைப் போட்டு மூடி, பக்கத்தில் இரண்டு புறாவையும் பறக்கவிட்டிருந்தார். 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துக்குக் கீழே, அவள் மேகத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு சிரித்தாள்.

பந்தலில் அதற்கு எதிரேதான் எங்களுக்கு நாற்காலி போட்டார்கள். இவர் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"உன் சிநேகிதி சாமானியப்பட்ட ஆள் இல்லை போலிருக்கே! பிடிக்க ஆளே இல்லாம, அவ்வளவு உயரத்துல எப்படிம்மா தைரியமா கையை விட்டாங்க?"

குரலில் கிண்டல் இல்லை, மரியாதைதான் இருந்தது. அப்போது சொல்லியிருக்கலாம். இரண்டு மணிக்கட்டையும் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டேன்.

"கீழ வலை இருக்கும்ங்க" என்றேன்.