குழை நடாத வரம்பு

தெய்வமணிக்குக் கரடியனாற்றில் ஒரு துண்டு வயலும் இல்லை. ஆனாலும் அந்த வயல்வட்டையில் அவள் கால் படாத வரம்பில்லை. முதலில் கூலிக்குக் கதிர் அறுத்தாள். அறுவடை மெசின் வந்தது. பிறகு புல் பிடுங்கினாள், களைநாசினி வந்தது. கடைசியில் ஒரு பசுவை வளர்த்தாள். வரம்புப் புல்லை அரியாதே என்று யாரும் சொல்வதில்லை.

மருந்து அடித்த வயலில் மட்டும் அரியக் கூடாது. மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்து அடிப்பவர்கள், வேலை முடிந்து ஏறும்போது வரம்பு மூலையில் இலையோடு ஒரு வேப்பங்குழையை நட்டுவிட்டுப் போவார்கள். குழை நின்றால் தெய்வமணி வேறு வரம்புக்குப் போய்விடுவாள்.

அன்று காலையும் பார்த்தாள். எந்த மூலையிலும் குழை இல்லை. பனி காயாத புல்லைச் சாக்கு நிறைய அரிந்தாள்.

வழியில் அயல்வீட்டுப் புஸ்பம் மறித்தாள். "என்னகா, வெள்ளச்சிக்கு இண்டைக்குக் கலியாணச் சாப்பாடோ?"

"பால் குடுக்கிறவள் தின்னத்தானே வேணும். உன்னப்போலச் சும்மாவா கிடக்காள்?"

வெள்ளச்சி கன்று போட்டு ஒரு மாதமும் ஆகவில்லை. தெய்வமணி புல்லைப் பிடிபிடியாகக் கையாலேயே ஊட்டினாள். மதியத்துக்குள் பசு நுரை தள்ளி விழுந்தது. மாட்டு டொக்டர் ஊசி போட்டார். ஊசிக்கும் கேட்கவில்லை, வெள்ளச்சி செத்துப்போனது.

"மருந்து பட்ட புல்லு. கண்டுக்குட்டிய மடியில விடாதீங்க, பாலும் நஞ்சுதான்" என்றார்.

செய்தி கேட்டு ஏறாவூரிலிருந்து இஷாம் வந்தான். முதல்நாள் பின்னேரம் றோட்டில் நின்றபடியே முழு வட்டைக்கும் ட்ரோனில் மருந்து அடித்தவன் அவன்தான்.

"வட்ஸ்அப் குறூப்பில போட்டனே அக்கா. வயல்காரர் எல்லாரும் பாத்திருக்காங்க."

"எனக்கு வயல் இல்லயே தம்பி. என்னை ஆர் அதில சேக்கிற?"

"குழை நடுறது எனக்குத் தெரியாதுக்கா. நான் வயலுக்குள்ள இறங்கிறதே இல்ல."

"உன்னக் குத்தம் சொல்லல்ல. எண்ட கையாலதானே ஊட்டினன்."

அவன் சட்டையைக் கழற்றிவிட்டு மண்வெட்டியை எடுத்தான். பசுவைப் புதைக்கக் கிடங்கு வெட்டி முடிவதற்குள் கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவந்து, கிடந்த தாயின் மடியை முட்டியது. மடி இன்னும் கனத்திருந்தது. தெய்வமணி அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். அது திமிறியது, பிறகு அவள் விரலைக் கவ்விச் சப்பத் தொடங்கியது. புல் அரிந்த கை என்று நினைவு வந்ததும் அதையும் பிடுங்கிக்கொண்டாள்.