ஒன்றும் ஆகாது என்றேன்

நான் பொய் சொன்னேன். தெரிந்தே, கண்ணைப் பார்த்தே சொன்னேன். ஒரு நாய் செத்தது. மீண்டும் அந்த நாள் வந்தாலும் அதே பொய்யைத்தான் சொல்வேன்!

மலேசியாவின் ராசா ஊரில் கால்நடை மருத்துவர் நான். சுவா என்ற ஊர்ப் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கும் லெட்சுமி அக்கா, தம் நாய் மணியைத் தூக்கி வந்தார். ஓயாத இருமல். இரத்தத்தைச் சோதித்தேன். கொசுக்கடியில் ஏறிய இதயப்புழு.

அந்தப் புழுவின் தந்திரம் உங்களுக்குத் தெரியுமா? இரத்தக்கட்டியைக் கரைக்க உடம்பு வைத்திருக்கும் பொருளையே அது தன் தோல்மேல் இழுத்து ஒட்டிக்கொள்கிறது. தன்னைச் சுற்றி இரத்தம் உறையாமல் பார்த்துக்கொண்டு சுகமாக வாழ்கிறது. ஊசி போட்டு அதைக் கொன்றால்...? அந்தக் காவல் போய்விடும். செத்த துண்டுகள் நுரையீரல் குழாய்களில் சிக்கும்; சுற்றிலும் இரத்தம் உறையும். நாய் ஓடினால் உயிரே போகலாம்.

"ஊசி போட்டா ஒன்னும் ஆகாதுல்ல டாக்டர்? செத்துடுவான்னா வேணாம்லா. வீட்டுக்கே கொண்டு போயிடுறேன்."

"ஒன்னும் ஆகாதுக்கா. கொஞ்ச நாளு கட்டிப் போடுங்க, போதும்."

ஏன் அப்படிச் சொன்னேன்? ஊசி போடாமல் வீட்டுக்குக் கொண்டுபோன நாய்களை நான் பார்த்திருக்கிறேன். வயிறு வீங்கி, மூச்சுக்குத் தவித்து, அணு அணுவாக... அந்தச் சாவைவிட என் பொய் மேல்!

ஊசி போட்டேன். மணி தேறுவதுபோல்தான் இருந்தது. மறுவாரம், கட்டிக் கிடந்து அது அழுததைப் பொறுக்காமல் அக்கா அவிழ்த்துவிட்டார். காட்டுப்பன்றியைத் துரத்திச் செம்பனை வரிசைக்குள் ஓடிய மணி, இரத்தம் கக்கி விழுந்தது.

சாரோங் கைலியில் சுற்றிய மணியின் உடலோடு அக்கா வந்தார்.

"நல்லாத்தானே இருந்தான் டாக்டர்! நான் அவுத்து விட்டதாலயா?"

இல்லை, நான் மறைத்ததால்... இது மனதுக்குள்தான். "வயசாயிடுச்சுக்கா," என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்களும் எவ்ளோ பாடுபட்டீங்க..."

முதல் பொய்க்காக நான் எவரிடமும் தலைகுனிய மாட்டேன். ஆனால் இந்த இரண்டாவது பொய்? அது அக்காவைக் காப்பாற்றவா, என்னையா?

இப்போதாவது சொல் என்கிறீர்களா? மாட்டேன்! சொன்னால், அடுத்த நாயை அவர் என்னிடம் கொண்டு வருவாரா?

கொண்டு வந்தார், போன மாதம். சின்னக் குட்டி. அந்தப் பிஞ்சுக் கழுத்தில் கனத்த இரும்புச் சங்கிலி.

"இவன ஒருநாளும் அவுத்து விட மாட்டேன் டாக்டர்."

புழுத் தடுப்பு மருந்தை எடுத்துக் கொடுத்தேன். மாதாமாதம் இதைக் கொடுத்தால் சங்கிலியே தேவையில்லை; அதை மட்டும் சொல்லவில்லை.