காதுக்குப் பின்னால் இருந்த பொட்டு

சுவிஸில், ஷ்லீரன் என்ற ஊரில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் காடு வரும். என் மகள் கிண்டர்கார்ட்டனில் படித்த காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் டீச்சர் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போவார். மழை பெய்தாலும் போவார்கள். மகள் திரும்பி வரும்போது சட்டைப்பையில் சுள்ளிகளும் சப்பாத்துக்குள் மண்ணும் வரும்.

ஒரு வைகாசி மாதம், காட்டுக்குப் போன மறுநாள் சொந்தத்தில் கலியாணம். பட்டுப்பாவாடை கட்டிய பிள்ளையை எல்லாரும் தூக்கிக் கொஞ்சினார்கள். நாவூறு படக்கூடாதென்று எங்கள் ஆட்கள் பிள்ளைகளுக்குக் கறுப்புப் பொட்டு வைப்பது உங்களுக்கும் தெரியும்தானே. அன்று மண்டபத்தில் அவளுடைய காதுக்குப் பின்னால் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளியைக் கண்டேன். மனைவி வைத்த பொட்டு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். மனைவியும் கண்டிருக்கிறாள். நான் வைத்தது என்று அவள் நினைத்திருக்கிறாள்.

ஞாயிறு காலை முழுகவார்க்கும்போது அதைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன்.

"அப்பா, நோகுது."

"பொட்டு போகுதில்லையடி. அம்மா என்ன மையால வைச்சவா?"

குசினியிலிருந்து மனைவி கேட்டாள்: "நான் வைச்சனானோ? நீங்களெல்லோ வைச்சனீங்கள்!"

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள். பொட்டுக்குக் கால்கள் இருந்தன.

உண்ணி. இரண்டு இரவுகள் என் பிள்ளையின் இரத்தத்தைக் குடித்திருக்கிறது. ஊரில் மாட்டுக்குச் செய்வதுபோல எண்ணெய் விடுவோம் என்று நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்தேன். மகள் இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள்.

"எண்ணெய் விடக்கூடாதப்பா! டீச்சர் சொன்னவா. காட்டால வந்தா வீட்டில பாக்கச் சொல்லிக் கடதாசியும் தந்தவா."

கடதாசி குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்துக்குக் கீழே இருந்தது. ஜெர்மன் எழுத்தைப் பார்த்து, பிறகு வாசிப்போம் என்று நான்தான் அங்கே கொழுவியிருந்தேன்.

இப்போது மனைவி வாசிக்க வாசிக்க நான் செய்தேன். அவள் புருவமயிர் பிடுங்கும் சின்னச் சாவணத்தால், தோலோடு ஒட்டிப் பிடித்து, முறுக்காமல், நசிக்காமல், நேராக மெல்ல இழுத்தேன். உணவகச் சமையலறையில் நாள்முழுக்க மீனுக்கு முள் எடுக்கிற கை என்னுடையது. உண்ணி கழன்று வந்துவிட்டது. கடித்த இடத்துக்கு மருந்து பூசி, நாட்காட்டியில் திகதியைக் குறித்தோம். உண்ணி நோயைத் தொற்றவைத்திருக்கலாம், இனிச் சில வாரங்கள் பார்க்க வேண்டும் என்று கடதாசியில் இருந்தது. அந்த இடத்தில் சிவப்பு வட்டம் படர்ந்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வைத்தியரிடம் போகவேண்டும். நேரத்துக்குப் போனால் மருந்து இருக்கிறது.

"இனி உனக்குக் காடு வேண்டாம்" என்றேன்.

"அப்ப நீங்களும் வேலைக்குப் போகவேண்டாம். ஒவ்வொரு கிழமையும் கையை வெட்டிக்கொண்டு வாறீங்கள்."

மனைவி சிரித்துவிட்டாள்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்ற முதலே, அவளுடைய காதை மடித்துப் பார்ப்பேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். "வட்டம் வந்திட்டுதோ?" என்று கேட்பாள். "இல்லையடா குஞ்சு" என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வரும். வாரங்கள் போயின. வட்டம் வரவில்லை. உண்ணியால் வரும் மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது என்று வைத்தியர் சொன்னார், மூவரும் போட்டுக்கொண்டோம். வட்டம் போடுகிற நோய்க்குத் தடுப்பூசி இல்லையாம். நீளக் காற்சட்டை போடுவதும், வந்தவுடன் உடம்பைப் பார்ப்பதும்தான் வழி.

அவள் காட்டுக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. இப்போது மூவரும் சேர்ந்தே போகிறோம். வந்ததும் ஆளையாள் பார்ப்போம்: காதுக்குப் பின்னால், கக்கம், தொப்புள், முழங்கால் மடிப்பு. போன கிழமை என் மொட்டந்தலையை அவள் பார்த்தாள்.

"அப்பா, இதென்ன கறுப்பா?"

"அது மச்சமடி. பிறந்த நாள் தொடக்கம் இருக்குது."

"கால் இருக்குதோ எண்டு பாக்கிறன். அசையாதேங்கோ."

நான் அசையாமல் இருந்தேன்.