சிவப்புக் கண்ணாடியில் பதினொன்று

அந்தப் பெட்டிக் கேமராவின் தோலுறை வெயிலில் சூடேறினால் புதுச் செருப்பும் கற்பூரமும் கலந்ததுபோல ஒரு வாசனை எழும். இன்றும் தோல்பை விற்கும் கடைக்குள் நுழைந்தால் எனக்கு முதலில் வருவது வாங்கும் ஆசை அல்ல, பதின்மூன்று வயதின் ஒரு பயம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் மல்காஜ்கிரியில் ரயில்வே ஊழியர்களின் வரிசை வீடொன்றில் குடியிருந்தோம். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எனக்குப் பதின்மூன்று வயது, எனக்குக் கீழே ஒரு தங்கை, ஒரு தம்பி. கேமரா அடுத்த வீட்டு பர்வீன் அக்காவுக்கு, அவர்கள் உருதுவில் ஆபாவுக்கு, திருமணப் பரிசாக வந்தது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். பாதிச் சுருளைக் கழுவக் கொடுக்கும் வழக்கம் எங்கள் வரிசையில் யாருக்கும் இல்லை. ஒரு பண்டிகையில் தொடங்கிய சுருள் அடுத்த பண்டிகை வரை பெட்டிக்குள்ளேயே இருட்டில் காத்துக்கிடக்கும்.

அந்தச் செப்டம்பரில் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தைய வெள்ளியன்று, துணி மடித்தபடி அம்மா அப்பாவிடம் பேசியதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன்.

"எனுக்குன்னு ஒரு போட்டோ இல்ல. கல்யாண போட்டோல தலைய குனிஞ்சிக்கினு கீறேன். நாளைக்கி ஒண்ணுன்னா மாலை போட இன்னாத்த வெப்பீங்க?"

"சும்மா இரு" என்றார் அப்பா.

ஸ்டுடியோ வரை பஸ்ஸில் போகும் நிலையில் அம்மா இல்லை. மறுநாள் நானாகவே ஆபாவிடம் போய் நின்றேன். காரணத்தைச் சொல்லவில்லை, அம்மா ஆசைப்படுகிறாள் என்றேன். எங்கள் வீட்டில் கற்ற தமிழில் தன் உருதுவைக் கலந்து பேசுகிறவர் ஆபா.

"மூணோ நாலோ இருக்கும், எடுத்துக்கோ. ஆனா இப்பவே கழுவறது நக்கோ, வேணாம். மிச்சத்துல ஈத் அன்னிக்கு என் தங்கச்சிய எடுக்கணும்." ஈதுக்கு இன்னும் மூன்று வாரத்துக்குமேல் இருந்தது.

பிறகு வெங்காயம் அரிந்துகொண்டே, தான் கெடுத்த படங்களை வரிசையாகச் சொன்னார். சூரியன் எடுப்பவர் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஆறடிக்குள் போனால் முகம் கலங்கிவிடும். முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சை நிறுத்தி அமுக்க வேண்டும். தலைக்குமேல் நாலு விரல் இடம் விட வேண்டும்: "என் மாமியார் போட்டோல அவங்களுக்குத் தலையே இல்ல. வேணும்னே பண்ணேன்னு இன்னும் திட்றாங்க." எல்லாவற்றுக்கும்மேல், ஒரு படம் எடுத்த கையோடு சுருளை நகர்த்தும் குமிழைத் திருப்பிவிட வேண்டும், மறந்தால் ஒரே இடத்தில் இரண்டு படம் விழுந்து இரண்டும் பாழ். எந்த எண்ணில் நிற்கிறோம் என்பது பின்பக்கச் சிவப்புக் கண்ணாடியில் தெரியும். எல்லாவற்றையும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எண் போட்டு எழுதிக்கொண்டேன்.

ஞாயிறு மாலை நாலு மணிக்கு அம்மா மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் புறக்கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அப்பாவின் இஞ்ச் டேப்பால் ஆறடி அளந்து, பயத்தில் இன்னும் ஓரடி கூட்டி, சாக்பீஸால் கோடு போட்டேன்.

"இன்னாடி, படம் புடிக்கறியா, செவுரு எழுப்ப அளவெடுக்கறியா? முதுவு நோவுது."

மூச்சை நிறுத்தி அமுக்கினேன். அதற்குள் எல்லோருமாக ஒரு படம் என்று அப்பா தங்கையையும் தம்பியையும் கூட்டி வந்தார். தம்பி நிற்க மாட்டேன் என்று ஓட, அப்பா அதட்ட, நான் அடுத்ததையும் எடுத்துக் குமிழைத் திருப்பினேன். சிவப்புக் கண்ணாடியில் பதினொன்று தெரிந்தது.

அப்போதுதான் உறைத்தது: தொடங்கும்போது என்ன எண் இருந்தது என்று நான் பார்க்கவேயில்லை. ஒன்பதாக இருந்தால் இரண்டு படமும் பத்திரம். பத்தாக இருந்தால் நடுவில் நான் குமிழைத் திருப்பவில்லை. அம்மாவின் தனிப்படத்தின்மேல் குடும்பமே நிற்கிறது. என் விரல் எதையும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. ஆபாவிடம் ஓடிக் கேட்டேன். "மூணோ நாலோன்னுதானே சொன்னேன். எனக்கு எப்பிடி மாலூம்?" திரும்பி வந்தபோது வெயில் மதிலுக்குப் பின்னால் இறங்கியிருந்தது, அம்மா புடவையை மாற்றிக்கொண்டு படுத்துவிட்டாள். விடிந்ததும் ரிக்‌ஷா வந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், அந்தப் படம் எதற்கு என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும். வகுப்பிலும் குழாயடியிலும் ஒன்பதா பத்தா என்பதே மண்டைக்குள் ஓடியது. அதைவிட மோசம், எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. படம் நன்றாக விழுந்திருந்தால் அது தேவைப்பட்டுவிடுமோ என்று பயம். கெட்டிருந்தால், தேவைப்படும்போது இல்லாமல் போய்விடுமே என்று பயம். ஆபரேஷன் முடிந்தது என்று அப்பா வந்து சொன்ன மாலையிலும், "காய்ச்சல் வுடல" என்று அவர் சேர்த்துச் சொன்னதுதான் என் காதில் நின்றது.

பத்தொன்பதாம் நாள் அம்மா வீடு திரும்பினாள், வளையல்கள் முழங்கை வரை நழுவும் அளவுக்கு இளைத்து. ஈத் முடிந்த வாரம் ஆபா கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு படமும் தனித்தனியாக விழுந்திருந்தன. ஆனால் தனிப்படத்தில், சாக்பீஸ் கோட்டிலிருந்து புறப்பட்டு அம்மாவின் மடிவரை என் நிழல் நீண்டு கிடந்தது. விலாவில் ஒட்டிய முழங்கைகளும், ரிப்பன் கட்டிய இரட்டைப் பின்னலும்கூடத் தெளிவாக. சாயங்காலச் சூரியனை முதுகில் வைத்தால் நிழல் எங்கே போகும் என்பது என் பட்டியலில் இல்லை.

அம்மா படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். "இத செவுத்துல மாட்டியிருந்தா மாலைக்குள்ள நீயும் இல்ல நின்னுக்கினு இருப்ப" என்றாள். நான் ஒட்டுக்கேட்டது அவளுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. அத்தனை வாரமாக வராத அழுகை அப்போது வந்தது.

அந்த வரிசை வீடுகள் இன்று இல்லை. புறக்கடை இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. படம் கழுவிய ஸ்டுடியோ ஜெராக்ஸ் கடையாகிவிட்டது. ஆபா குடும்பம் மாற்றலாகிப் போனபோது கேமராவும் போயிற்று. எத்தனையாவது படம் என்ற கணக்கைக் கைபேசி தானே வைத்துக்கொள்கிறது; ஆனாலும் ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் என் கட்டைவிரல் அதன் ஓரத்தில் எதையோ திருப்பத் தேடுகிறது.

அம்மா அதற்குப்பின் இருபத்தாறு ஆண்டு இருந்தாள். மாலை போடுவதற்குத் தம்பி கல்யாணத்தில் எடுத்த வண்ணப்படத்தைத் தேர்ந்தெடுத்தோம். அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் என் முதல் நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் ஒட்டியபடியே இருக்கிறது. அதன் கீழே, படம் வந்த அன்றே எழுதிய ஒரு வரி: "தொடக்க எண் ஒன்பது."