தடுப்பூசிப் பெட்டியில் ஒரு மாம்பழ அடுக்கு

தடுப்பு மருந்துக்கான குளிர்பெட்டியில் தடுப்பு மருந்தைத் தவிர வேறு எதையும் வைக்கக் கூடாது. வைத்தே தீர வேண்டுமென்றால் தலைமை அலுவலகத்தின் எழுத்துமூலமான முன் அனுமதி பெற வேண்டும். இது விதி. காரைக்காலில் நான் ஹெட் கிளார்க்காக இருந்த கால்நடை அலுவலகத்தில் இதைத் தட்டச்சு செய்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, பெட்டிக்கு மேலே மாட்டியவனும் நான்தான். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லும் வசதி எனக்கு இல்லை.

எண்பதுகளின் பின்பாதி அது. எங்கள் எதிர்வீட்டில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பிரெஞ்சுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். எங்கெங்கோ சண்டை போட்டு வந்த மனுஷன், பிரான்சில் இருந்த ஒரே மகள் ஓர் இத்தாலியனைக் கட்டிக்கொள்ளப் போவதாக எழுதியபோது மட்டும் ஆடிப்போய்விட்டார். கல்யாணத்துக்குப் போகவில்லை. மனைவி முன்பே காலமாகிவிட்டதால், போங்கள் என்று பிடித்துத் தள்ளவும் ஆளில்லை. அப்பாவுக்கும் மகளுக்கும் நான்கு வருடம் பேச்சில்லை.

ஒரு நாள் கடிதம் வந்தது. எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மாங்கனித் திருவிழாவுக்கு மறுநாள் மகளும் மருமகனும் வருகிறார்கள். தங்குவது பாண்டிச்சேரியில், ஓட்டலில். வாடகைக் காரில் வந்து மதியம் சாப்பிட்டுவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுவார்களாம். கடைசியில் ஒரு வரி: 'என் கல்யாணத்தில் மாமியார் செய்த திராமிசுவை நீங்கள் சாப்பிடவில்லை. காபியில் நனைத்த பிஸ்கட், மேலே க்ரீம், மறுபடி பிஸ்கட், மறுபடி க்ரீம். உங்களுக்குப் பிடித்திருக்கும்.'

"தம்பி, இது பலகாரத்தப் பத்தியா எழுதியிருக்கா? என்னைப் பத்தில்ல எழுதியிருக்கா" என்றார். பிறகு என் மனைவியைப் பார்த்து, "தங்கச்சி, அதை நம்மால செய்ய முடியுமா? அத மேசையில வச்சுட்டு, 'இங்கயே இரும்மா'ன்னு ஒரு வார்த்த கேட்டுப் பாக்கறேன். வெறுங்கையோட கேக்க வாய் வரல" என்றார்.

மறுநாளே என் மனைவி வேலையைத் தொடங்கிவிட்டாள். க்ரீமுக்குப் பதில், கெட்டித் தயிரைத் துணியில் கட்டி ராத்திரி முழுக்கக் குழாயில் தொங்கவிட்டு, பாலாடையும் சர்க்கரையும் சேர்த்துக் கடைந்தாள். பிஸ்கட்டுக்குப் பதில் பேக்கரி ரஸ்க். டிகாக்‌ஷனில் நனைத்ததும் ரஸ்க் கரைந்து குழம்பாகிவிட்டது.

"காய்ச்சக்காரனுக்குக் கொடுக்கலாம்" என்றேன்.

"உங்களுக்குக் காய்ச்சல் வரட்டும், கொடுக்கறேன்" என்றவள், சற்று யோசித்துவிட்டு, "ஏண்ணே, உங்க பொண்ணு சின்னப்பிள்ளையில மாங்கனி அன்னிக்கு உங்க மாடியில நின்னு பழம் எறிவாளே, எப்பவும் என் தலையையே குறி பாத்து? காபிய விடுங்க. மாம்பழத்துல நனைப்போம்" என்றாள்.

சாமி வீதியுலா வரும்போது வேண்டுதல்காரர்கள் மாடிகளிலிருந்து மாம்பழத்தை வாரி இறைப்பதும், கீழே நிற்பவர்கள் பிடிப்பதும் எங்கள் ஊர் வழக்கம். சொல்தா ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற கிறிஸ்தவர். ஆனால் தெருவில் நல்ல மாடி அவருடையதுதான் என்பதால் வருஷா வருஷம் பாதித் தெரு அங்கேதான் நிற்கும். அந்த மாடியிலிருந்து விழும் பழமே இதற்கு வேண்டும் என்று என் மனைவி தீர்மானித்துவிட்டாள். அதிலிருந்து இரண்டு சிக்கல்கள் முளைத்தன.

முதல் சிக்கல் ரம். இந்தப் பலகாரத்தில் கொஞ்சம் சேர்ப்பார்கள் என்று சொல்தாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

"ஒரு மூடி, தங்கச்சி. ஒரே மூடி."

"சாமி பழத்துலயா? முட்டையும் கிடையாது, அதுவும் கிடையாது. உங்களுக்கு வேணும்னா தனியா குடிச்சுட்டு வந்து இதைச் சாப்பிடுங்க. வயித்துக்குள்ள போயி ரெண்டும் ராசியாகட்டும்."

இரண்டாவது சிக்கல், அடுக்கு இறுகப் பதினாறு மணி நேரமாவது குளிரில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. சொல்தா வீட்டில் இருந்தது, உள்ளே வஞ்சிரமும் நண்டும் குடியிருந்தன. பிரசாதம் மீனோடு படுக்காது என்று சொல்லிவிட்டு என் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"உங்க ஆபீஸ்ல ஒரு பெட்டி இருக்கே. அது சைவமா?"

"உள்ள இருக்கறதெல்லாம் சீல் வச்ச மருந்து" என்றேன். கோழிக்கழிச்சல் மருந்தை முட்டைக்குள் வளர்த்துத்தான் எடுக்கிறார்கள் என்பதை அவள் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அரசு ஊழியன் பதில் எழுதுவதில்லை.

முறைப்படி தலைமை அலுவலகத்துக்கு விண்ணப்பித்தேன். 'வெப்பம் தாங்காத பொருள் ஒன்றைக் குளிர்பெட்டியில் தற்காலிகமாக வைத்தல் – அனுமதி கோருதல் – தொடர்பாக.' இரண்டு வாரம் பதில் இல்லை. பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று விதி சொல்லவில்லை. விதி வாயை மூடிக்கொள்ளும் இடத்தில் ஹெட் கிளார்க் பேசலாம் என்பது என் அனுபவம்.

திருவிழா அன்று என் மனைவி முந்தானையில் நான்கு பழம் பிடித்தாள். நார் போகத் துணியில் வடிகட்டி, ரஸ்க்கை அந்தச் சாற்றில் முக்கினாள். கெட்டிச் சாறாக இருந்ததால் ரஸ்க் ஊறியதே தவிரக் கரையவில்லை. ரஸ்க், தயிர், ரஸ்க், தயிர் என்று எவர்சில்வர் தட்டத்தில் அடுக்கி, சொல்தா கொடுத்த கோகோவை டீ வடிகட்டியால் தூவினாள். மூடியின் மேல் விண்ணப்பத்தின் அலுவலக நகலை ஒட்டினேன். அலுவலகத்துக்கு விடுமுறை. சாவி இரண்டில் ஒன்று எங்கள் கால்நடை டாக்டரிடம், மற்றது என்னிடம். ஐந்து மணிக்கு, பறந்துகொண்டிருந்த கடைசி மாம்பழங்களுக்குக் குடை பிடித்தபடி தட்டத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

காலையில் எடுக்கப் போனால் டாக்டர் எனக்கு முன்பே நின்றுகொண்டிருந்தார். விழிதியூரில் கோழிகள் சாகின்றன என்று தகவல் வந்து, மருந்தெடுக்கப் பெட்டியைத் திறந்திருக்கிறார்.

"என்ன சார் இது?"

"மனு நிலுவையில இருக்கிற பொருள், டாக்டர்."

மூடியில் இருந்ததை முழுவதும் படித்தார். "பொருளோட பேர் இல்லையே?"

"பேர் எழுதினா கேள்வி வரும்."

"எழுதலைன்னா?"

"எதுவுமே வராது. அது பரவாயில்லைன்னு பார்த்தேன்."

மூடியைத் தூக்கி முகர்ந்தார். "எந்த நோய்க்கு?"

"ஒரு அப்பனுக்கும் மகளுக்கும் நாலு வருஷமா தீராத சீக்கு."

டாக்டர் மேசை இழுப்பறையிலிருந்து ஸ்பூனை எடுத்தார். "பரிசோதிக்காம வெளிய அனுப்பக் கூடாது. அதுவும் விதிதான்" என்று ஒரு மூலையை வெட்டி வாயில் போட்டுக்கொண்டு, ஸ்பூனையும் வழித்து நக்கினார். "வீரியமா இருக்கு. கொண்டு போங்க."

மதியம் சொல்தா வீட்டில் சாப்பாடு. மகள் அப்பாவிடம் விருந்தாளி மாதிரி பேசினாள். பயணம் சௌகரியம், வெயில் அதிகம், அவ்வளவுதான். கார் வாசலிலேயே நின்றது. கடைசியில் தட்டம் மேசைக்கு வந்தது.

"மூலைய யாரு தின்னது பப்பா?"

"அரசாங்கம்" என்றார் சொல்தா.

ஒரு வாய் எடுத்தாள். "இது திராமிசுவே இல்லையே. காபி எங்க?" சொல்தாவின் முகம் வாடியது. அவள் இன்னொரு வாய் எடுத்தாள். மென்றுகொண்டே மாடிப்படியைப் பார்த்தாள். "அத்தை, இது நம்ம தெருப் பழமா?"

"உங்க மாடியிலேர்ந்து விழுந்ததுதான். நீ இல்லாததால இந்த வருஷமும் என் தலை தப்பிச்சுது."

அவள் சிரித்தாள். மருமகன் தட்டை மறுபடி நீட்டி பிரெஞ்சில் ஏதோ சொன்னான். "இவங்க அம்மா செய்யறதவிட நல்லாருக்காம். அம்மாகிட்ட சொல்லிடாதீங்கன்னும் சொல்றார்."

வெளியே காரோட்டி ஹாரன் அடித்தார். மகள் கையைத் துடைத்தாள். சொல்தா எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். இரண்டு வாரமாக ஒத்திகை பார்த்த அந்த ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில் தட்டத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"பாதி மிச்சம் இருக்கு. இது... மறுநாள்தான் இன்னும் நல்லாருக்குமாம்."

அவள் தட்டத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அப்ப நாளைக்குச் சாப்பிட்டுக்கலாம், பப்பா."

காரை அனுப்பிவிட்டார்கள். சொல்தா முகம் கழுவப் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை. மிச்சத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஒன்பது நாள் தங்கினார்கள். மறுவருடமும் வந்தார்கள், இம்முறை ஓட்டல் பேச்சே இல்லை. தட்டம் பெரிதாயிற்று. டாக்டரின் பரிசோதனைக்கு இரண்டு மூலைகள் தேவைப்பட்டன.

அவர் இரண்டாவது மூலையில் இருந்தபோது, போன வருட மனுவுக்கான பதில் தபாலில் வந்தது. பொருளின் பெயர், அளவு, கால வரம்பு ஆகியவற்றைக் குறிப்பிடாததால் எனக்கு அனுமதி வழங்க இயலாதாம். அப்பொருள் பெட்டியில் இல்லை என்று உடனே சான்று அனுப்ப வேண்டுமாம். தட்டத்தை வெளியே எடுத்து டாக்டர் மேசையில் வைத்தேன். 'இக்கடிதம் எழுதும் இந்நேரத்தில் பெட்டியில் தடுப்பு மருந்து தவிர வேறெதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். தட்டத்தைத் திரும்ப உள்ளே வைத்தேன். பிறகு தபால் பதிவேட்டைத் திறந்து, பதில் வந்த தேதியைப் பதிந்தேன்: மாங்கனித் திருவிழாவுக்கு மறுநாள், முற்பகல்.