முதல் வயலின்காரரும் நானும்

திருவனந்தபுரத்தில் சினிமாவுக்குப் பின்னணி இசை எழுதத் தொடங்கிய முதல் வாரத்திலேயே எனக்கு ஒரு பகையாளி கிடைத்தார். ஸ்டுடியோவில் வயலின் குழுவை நடத்துபவர். நாகர்கோவில் பக்கத்துக்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. நான் கரமனை அக்ரகாரத்துப் பெண். மேற்கத்திய இசையைப் பெரும்பாலும் புத்தகத்தில் படித்தவள். அன்று நான் எழுதிக்கொடுத்த தாளைப் பாதி வாசித்துவிட்டு வில்லை இறக்கினார்.

"மேடம், இந்த நோட்டு வயலின்ல இல்ல. வேற கடையிலதான் வாங்கணும்."

வயலினின் அடித் தந்திக்கும் கீழே போகும் ஒரு சுரத்தை எழுதியிருந்தேன். தவறு என்னுடையதுதான். பக்கத்தில் வந்து சொல்லியிருக்கலாம். குழு முழுக்கச் சிரித்தது.

அதற்குப் பிறகும் ஆறு வருடம் என் படங்களுக்கு அவர்தான் வாசித்தார். அவர் அளவுக்கு வாசிக்க ஊரில் வேறு ஆளில்லை. வேறு காரணம் எதுவும் கிடையாது.

பிறகு, மேடைக்கென்று முதன்முதலாக ஒன்று எழுதினேன். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ; முதல் வயலின் அண்ணாச்சி. நடுவில் நால்வரும் வில்லைத் தூக்கிப் பிடித்தபடி இருபது விநாடி அசையாமல் இருக்க வேண்டும். அந்த மௌனத்துக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன்.

"இருபது செகண்ட் சும்மா இருந்தா, கரண்டு போச்சுன்னு சனம் நெனைக்கும்" என்றார் ஒத்திகையில்.

"நெனைக்கட்டும். நீங்க எண்ணிண்டு இருங்கோ."

கச்சேரியன்று கடைசி வரிசையில் உட்கார்ந்து நானும் எண்ணினேன். எட்டாவது விநாடியில் அவர் வாசிக்கத் தொடங்கிவிட்டார். மற்ற மூவரும் தடுமாறிப் பின்னால் ஓடினார்கள். முடிந்ததும் அரங்கம் தாராளமாகக் கைதட்டியது.

மேடைக்குப் பின்னால் போய், "எட்டுல ஏன் வந்தேள்?" என்று கேட்டேன்.

"முன்வரிசையில ஒருத்தர் கைதட்டப் போனாரு. தட்டியிருந்தா உன் காரியம் அங்கேயே முடிஞ்சிருக்கும், மோளே."

அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டவர், இப்போது மகளே என்கிறார்.

"அது என் காரியம். இனிமே என் ரெக்கார்டிங்குக்கு நீங்க வர வேண்டாம்."

"ஆயிக்கோட்டெ" என்றார். அப்படியே ஆகட்டும். வயலினைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

வீட்டில் அம்மா, "நடுவுல நீ எழுத மறந்துட்டியோன்னு பயந்துட்டேன்டி. நல்லவேளை, அந்த மாமா ஆரம்பிச்சுட்டார்" என்றாள். இரண்டு நாள் அம்மாவோடும் பேசவில்லை.

இரண்டு வருடம் கழித்து, பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் எடுத்த ஒரு படம் வந்தது. வேலையை விட்டு நீக்கப்பட்ட பெண் ஒருத்தி வளைவுச் சாலையில் நடந்தே இறங்குகிறாள். அதற்குத் தனி வயலின். மூன்று பேரை வாசிக்க வைத்தும் இயக்குநருக்குத் திருப்தியில்லை. "மேடம், பழைய அண்ணாச்சிய விளிச்சுப் பார்க்கலாமே? இல்லேன்னா நானே விளிக்கறேன்" என்றார். அவர் விளிப்பதைவிட நானே கூப்பிடுவது மேல் என்று தோன்றியது.

வந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. நான் எழுதிய மெட்டின் கடைசி இரண்டு சுரங்களை மாற்றி, கீழே இறங்க மனமில்லாததுபோல் வாசித்தார். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் கையிலிருந்த தாளைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அது எனக்கு வரவே வராத இறக்கம் என்பதும் அந்த நொடியே தெரிந்தது. மைக் பொத்தானை அழுத்தி, "எழுதினதை மட்டும் வாசிங்கோ" என்றேன்.

எழுதியதை வாசித்தார். பிழையே இல்லை, உயிரும் இல்லை. இயக்குநர் என்னைப் பார்க்காமலே, "முதல்ல வாசிச்சது போதும்" என்றார்.

படத்தில் இருப்பது அதுதான். பார்த்தவர்கள் எல்லோரும் அந்த இறக்கத்தைப் பற்றித்தான் என்னிடம் பேசினார்கள். ஒரு பாராட்டுக் கூட்டத்தில் அது எப்படித் தோன்றியது என்று கேட்டார்கள். மலைச் சாலையைப் பற்றி ஏதோ சொன்னேன். அவர் பெயரைச் சொல்லவில்லை.

இப்போதும் என் ஒவ்வொரு படத்துக்கும் அவரைக் கூப்பிடுகிறேன். நேரத்துக்கு வருகிறார், மேடம் என்கிறார். தாளில் இருப்பதை, இருக்கிறபடியே வாசித்துவிட்டுப் போகிறார். அதற்கு மேல் ஒரு சுரம்கூடத் தருவதில்லை. கேட்டால் தருவாராக இருக்கும். நான் கேட்கப்போவதில்லை.